ஒரு சவரனும் ஒரு ஷில்லிங்கும்: நடனம் கற்ற ஒரு மனைவியின் கதை

காதல் நாவலில் கணவனைக் கொடியவனாகப் படைத்துவிட்டால் ஆசிரியரின் வேலை பாதி முடிந்துவிடும். வாசகர் தயக்கமின்றி மனைவியின் பக்கம் சாய்வார். அவள் எப்போது வீட்டை விட்டு வெளியேறுவாள் என்று காத்திருப்பார். 1880 முதல் 1883 வரையான லண்டனைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ள இந்த வரலாற்றுக் காதல் நாவல் அந்த எளிய வழியில் செல்லவில்லை. இதில் வரும் கணவர் நல்லவர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், வேறு பெண்ணை நாட மாட்டார். மனைவிக்கு உடல்நலமில்லை என்றால் மருத்துவரை அழைத்துவர நள்ளிரவிலும் தாமே புறப்படுவார். அப்படிப்பட்டவரின் வீட்டில் வாழும் இளம்பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது என்றால், அதற்குக் காரணம் அவருடைய குணம் அன்று, அவர் கையில் சட்டம் கொடுத்து வைத்திருந்த அதிகாரமே என்பதைப் பொறுமையாக, காட்சி காட்சியாக விளங்க வைப்பதே இந்நூலின் பெருமை. கடைசிப் பகுதியில் அந்தப் பொறுமை குலைந்துவிடுவது அதன் பெருங்குறை.

நாயகி 1875இல் மணமானவள்; சிறுநகர மருத்துவர் ஒருவரின் மகள். கணவர் கப்பல் காப்பீட்டுத் தொழிலில் இருப்பவர், அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பேஸ்வாட்டர் பகுதியில் நான்கு மாடி வீடு, நான்கு வயது மகள், மேல்மாடியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாமியார் என்று கதை தொடங்குகிறது. தொழில் நிமித்தம் ஒரு பெரிய நடன விருந்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. மணமான பின் ஆடும் பழக்கம் விட்டுப்போன மனைவி அங்கே தடுமாறிவிடக் கூடாது என்பதற்காகக் கணவரே அவளை ஒரு முதிய நடன ஆசிரியையிடம் அனுப்பிவைக்கிறார். ஆறு வகுப்புகளுக்கான கட்டணத்தையும் அவரே செலுத்துகிறார். விருந்து முடிந்த பிறகு, ஏழாவது வகுப்புக்கு அவள் அவரிடம் சொல்லாமல் போகிறாள். கதையின் முடிச்சு இவ்வளவுதான். கொலை இல்லை, ஆள்மாறாட்டம் இல்லை, ஏழை இளைஞன் திடீரென்று பிரபுவின் வாரிசாக வெளிப்படுவதும் இல்லை. ஒரு பெண் செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் எங்கே போகிறாள் என்ற ஒன்றை வைத்துக்கொண்டே ஆசிரியர் நம்மைக் கட்டிப்போட்டுவிடுகிறார்.

நடன வகுப்புக்குப் போவதில் அப்படி என்ன பெரிய விடுதலை இருந்துவிட முடியும் என்று கேட்பவருக்கு, அதே காலத்தில் நிகழும் இன்னொரு சம்பவத்தை நாவல் விடையாக வைத்திருக்கிறது. நாயகியின் அத்தை இறந்துபோகிறார். தம் உயிலில் அவளுக்கு 600 பவுண்டு எழுதிவைத்திருக்கிறார். பணம் வருகிறது, கணவர் அதை ரயில்வே பங்குகளில் முதலீடு செய்கிறார், இரவு உணவின்போது அந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு மனைவியிடம் தெரிவிக்கிறார். அவளைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஏனெனில் அன்றைய ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின்படி கணவனும் மனைவியும் ஒரே நபர். அந்த ஒரே நபர் கணவன். திருமணமான கணமே அவளுடைய ரொக்கமும் நகையும் மேசை நாற்காலியும் அவனுடையவை ஆகிவிடும். 1870ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் இதில் சிறிய விரிசல் ஒன்றை ஏற்படுத்தியது: மனைவி கணவனைச் சாராமல் தனியாக உழைத்து ஈட்டும் ஊதியம் அவளுக்கே உரியது, உயில் வழியாக வரும் பணமும் அவளுடையதாகலாம், ஆனால் அது 200 பவுண்டைத் தாண்டக் கூடாது. அத்தை அன்பு மிகுந்து 600 எழுதிவைத்ததால், அந்த அன்பு முழுவதும் மருமகன் கணக்கில் போய்ச் சேர்கிறது.

இந்தச் சட்ட நுணுக்கத்தைக் கதைக்குள் கொண்டுவரும் விதத்துக்காகவே ஆசிரியரை மனமாரப் பாராட்ட வேண்டும். நாயகி தன் தந்தையின் நண்பரான ஒரு முதிய வழக்கறிஞரைச் சந்திக்கும் அத்தியாயம் பத்துப் பன்னிரண்டு பக்கங்களே வரும். நூலில் மிகச் சிறந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. பணக்காரக் குடும்பங்கள் மகளுக்கு மணம் முடிக்கும்போதே அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, மருமகன் கை படாமல் அவள் சொத்தைக் காத்துக்கொண்டன என்பதை அவர் விளக்குகிறார். அத்தையும் தம் உயிலில் இப்பணம் அவளுடைய தனிப் பயனுக்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், நீதிமன்றம் அதை அவளுடையதாகவே கருதியிருக்கும். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லித்தர அத்தைக்கு யாரும் இல்லை. வழக்கறிஞர் இதையெல்லாம் தேநீர் அருந்தியபடி, குரலை உயர்த்தாமல், கொஞ்சம் சோர்வோடு சொல்லிக்கொண்டு போகிறார். நாயகி அழவில்லை, குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்கிறாள். வரலாற்று நாவல்களில் சட்டத்தை விளக்கும் இடங்கள் பெரும்பாலும் பாடப்புத்தகம் போல் நின்றுவிடும். இங்கே ஒவ்வொரு விதியும் அவளுடைய கைப்பையில் இருக்கும் சில்லறையைத் தொட்டுப் பேசுவதால், வாசிப்பவருக்கும் உள்ளங்கை வியர்க்கிறது.

கரோலின் நார்ட்டனின் பெயரை வழக்கறிஞர் இந்த இடத்தில்தான் குறிப்பிடுகிறார். கணவரை விட்டுப் பிரிந்து எழுத்தையே தொழிலாகக் கொண்ட அந்த அம்மையார், தம் எழுத்தின் வருவாய்க்குக்கூடக் கணவர் உரிமை கோர முடியும் என்ற நிலையைக் கண்டு கொதித்து, 1855இல் விக்டோரியா அரசிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். குழந்தைகளைத் தாயிடமிருந்து பறிக்கும் சட்டத்தை எதிர்த்து அவர் அதற்கு முன்பு நடத்திய போராட்டத்தின் பயனாக வந்ததே 1839ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம். அவரை நாவல் ஒரு வீராங்கனையின் சிலையாக நிறுத்தாமல், வழக்கறிஞர் இளமையில் நேரில் கண்ட, களைத்த முகமுடைய ஒரு பெண்ணாக நினைவுகூர வைத்திருப்பது நல்ல முடிவு.

இனி நடனத்துக்கு வருகிறேன். நடனமே விடுதலை, கால்கள் அசைந்தவுடன் தளைகள் அறுந்துவிடும் என்ற மலிவான எண்ணம் இந்த வகை நாவல்களில் நிரம்பக் கிடக்கிறது. இந்த ஆசிரியர் நடனக்கூடத்தை நன்கு படித்தறிந்தவர். அதுவும் ஒரு சிறைதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் விருந்துக் காட்சியைப் பாருங்கள். நாயகியின் மணிக்கட்டில் சிறு பென்சில் கட்டிய நடன அட்டை தொங்குகிறது. எந்த ஆட்டத்துக்கு யார் துணை என்பதை அதில் ஆண்கள் வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். அவள் யாரையும் அழைக்க முடியாது. அழைத்தவரை மறுத்தால் அந்த ஆட்டம் முடியும்வரை வேறொருவரோடு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கையுறை கழற்றக் கூடாது. ஒரே துணையோடு திரும்பத் திரும்ப ஆடினால் கண்கள் திரும்பும். கணவனும் மனைவியும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருப்பதும் நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டது. ஐந்து பகுதிகள் கொண்ட குவாட்ரில் ஆட்டத்தில் நான்கு இணைகள் சதுரமாக நின்று, இடம் மாறி, வணங்கி, மீண்டும் தத்தம் இடத்துக்கே வந்து சேர்வதை ஆசிரியர் விவரிக்கும்போது, அவளுடைய ஒரு வாரத்து வாழ்க்கையையே தரையில் கோடு போட்டுக் காட்டியது போல் இருக்கிறது: காலை வருகை, மதிய வருகை, பெயரட்டை வைத்துவிட்டு வருதல், விருந்து, மீண்டும் பழைய இடம்.

வால்ட்ஸ் வேறு. 1816இல் இளவரசர் நடத்திய விருந்தில் அது ஆடப்பட்டபோது டைம்ஸ் நாளேடு அதை ஒழுக்கக்கேடு என்று கண்டித்தது. நாவல் நிகழும் காலத்துக்குள் அது அரண்மனை முதல் நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறை வரை பழகிப்போன ஆட்டமாகிவிட்டது. ஆனால் அன்றைய வால்ட்ஸ் இன்று மேடைகளில் காணும் நிதானமான ஆட்டமன்று; இணை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கூடத்தையும் சுற்றிவரும் வேகமான சுழற்சி. அதில் ஆண் நடத்துவான், பெண் நடத்தப்படுவாள். தலை சுற்றாமல் இருக்க அவள் அவன் தோளை நம்ப வேண்டும். முதல் விருந்தில் நாயகிக்கு வால்ட்ஸ் பிடித்துப்போகிறது. ஏன் பிடித்தது என்று அவளுக்குப் புரியவில்லை. வீடு திரும்பும் வண்டியில் அவள் யோசித்துக்கொண்டே வருகிறாள்: இசை வேகமெடுத்தபோது அவளை யாரும் நடத்தவில்லை, அவளுடைய எடையை அவளே தாங்கினாள். ஏழாவது வகுப்புக்கு அவளை இழுத்துச் செல்வது அந்தச் சில நிமிடங்கள்தான். காதல் அன்று, கலகமும் அன்று. தன் உடல் எங்கே நிற்கிறது என்பதைத் தானே முடிவு செய்த ஓர் அனுபவம். இதைவிட நேர்மையான தொடக்கத்தை நான் இவ்வகை நூல்களில் கண்டதில்லை.

நடன ஆசிரியையே இந்த நாவலின் உயிர். அவர் 1840-களில் லண்டன் பாலே மேடைகளில் பின்வரிசையில் ஆடியவர். மரி தாலியோனி, கார்லோத்தா கிரிசி, ஃபானி செரித்தோ, லூசில் கிரான் ஆகிய புகழ்பெற்ற பாலே கலைஞர்கள் நால்வரும் 1845இல் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கில் ஒன்றாக ஆடிய இரவைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தவர். முழங்கை முதல் மணிக்கட்டு வரை அவருக்குத் தீக்காயத் தழும்பு உண்டு. எரிவாயு விளக்குகள் வரிசையாக எரியும் மேடையோரத்தில் மெல்லிய மஸ்லின் பாவாடையோடு ஆடிய பெண்களுக்கு அது அன்றாட ஆபத்து. 1844 டிசம்பரில் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனக் கலைஞரின் உடையில், பார்வையாளர் கண்முன்னே தீப்பற்றியது; சில நாட்களில் அவர் இறந்துபோனார். ஆசிரியை அந்த இரவைப் பற்றி ஒருமுறைதான் பேசுகிறார், அதுவும் ஒரு மாணவி மெழுகுவர்த்திக்கு அருகில் சுழன்றபோது. மேடையை விட்ட கலைஞர் ஒருவர் வசதியான குடும்பத்துப் பெண்களுக்கு நடையும் நடனமும் கற்றுத்தந்து பிழைப்பது கற்பனையன்று. உலகப் புகழ் பெற்ற தாலியோனியே தம் செல்வத்தை இழந்த பின் 1870-களில் லண்டனில் வகுப்பெடுத்து வாழ்ந்தார். அத்தனை உயரத்தில் இருந்தவருக்கே அந்த நிலை என்றால், பின்வரிசையில் ஆடியவரின் முதுமை எப்படி இருந்திருக்கும் என்பதை நாவல் ஒரு சிறு அறை, ஒரே ஒரு கம்பளி, வாடகைக்கு எடுத்த பியானோ ஆகியவற்றைக் கொண்டே காட்டிவிடுகிறது.

சவாய் அரங்கில் நிகழும் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. 1881இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட பொதுக் கட்டடம் என்று பேர் பெற்றது. அந்த ஆண்டின் இறுதியில் மேடையும் மின்னொளிக்கு மாறிய நாளில், அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கை மெல்லிய துணியால் சுற்றி உடைத்துக் காட்டினார், துணி கருகவில்லை. நாயகி தன் ஆசிரியையை அங்கே அழைத்துச் சென்று உட்கார வைக்கிறாள். சுற்றிலும் எல்லோரும் புதுமையைக் கண்டு கைதட்டுகிறார்கள். ஆசிரியை மட்டும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு கையுறையைக் கழற்றித் தம் தழும்பை ஒருமுறை தடவிவிட்டு மறுபடியும் அணிந்துகொள்கிறார். ஆசிரியர் அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. வரலாற்றுத் தகவல் ஒன்று கதைக்குள் எப்படி ரத்தமும் சதையுமாக மாற வேண்டும் என்பதற்கு எழுதிப் பழகுவோர் இந்தப் பக்கங்களைப் படிக்கலாம்.

உடை பற்றிய நுணுக்கமும் நம்பகமானது. எஃகு வளையங்களால் ஆன அகன்ற கூண்டுப் பாவாடை 1850-களின் பிற்பாதியிலும் 1860-களிலும்தான் கோலோச்சியது. கதை நிகழும் 1880 வாக்கில் பாவாடை உடலோடு ஒட்டி, முழங்காலுக்குப் பின்னால் நாடாக்களால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. நீளமாக ஓர் அடி எடுத்து வைப்பதே கடினம். இந்த உடையில் வால்ட்ஸ் ஆடுவது எப்படிப்பட்ட வேதனை என்பதை நாயகியின் முதல் வகுப்பு துல்லியமாகச் சொல்கிறது. ஆசிரியை முதலில் கற்றுத்தருவது அடவு எதையும் அன்று, அந்த நாடாக்களை அவிழ்ப்பதை. கார்செட் என்னும் இடைக்கச்சை இறுக்கிக் கட்டி வருபவருக்கு மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும், மூச்சு கீழே இறங்காதவரால் சுழல முடியாது என்று அவர் திட்டமாகச் சொல்லிவிடுகிறார். 1881இல் லண்டனில் தொடங்கப்பட்ட பகுத்தறிவு உடைச் சங்கம் உடலை நெருக்கும் உடைகளை எதிர்த்துக் குரல் கொடுத்தது. உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அது வலியுறுத்திய வரம்பு. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட அந்த எடையே சீர்திருத்தமாகக் கருதப்பட்டது என்றால், பெண்கள் அன்றாடம் சுமந்தது எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இத்தனை கவனத்தோடு எழுதப்பட்ட நூலுக்கு, 1860-களின் கூண்டுப் பாவாடை அணிந்த பெண்ணை அட்டைப்படமாகப் போட்டிருப்பது வருத்தத்துக்குரியது. பதிப்பாளர் அடுத்த பதிப்பிலாவது அதை மாற்ற வேண்டும்.

நாவலின் உண்மையான திருப்பம் மேடையில் நிகழவில்லை. ஆசிரியைக்கு மூட்டுவலி முற்றியதும், குழந்தைகளின் வகுப்பை நாயகி ஏற்றுக்கொள்கிறாள். முதலில் உதவியாகத்தான். ஒரு பருவம் முடிந்ததும் ஆசிரியை அவளுக்குரிய பங்காக ஒரு கினியைக் கொடுக்கிறார். கினி நாணயம் அச்சடிப்பது 1814உடன் நின்றுபோனது. ஆனால் மருத்துவர், வழக்கறிஞர், கலை ஆசிரியர் ஆகியோரின் கட்டணம் அதன் பிறகும் கினிக் கணக்கிலேயே பேசப்பட்டது. ஒரு கினி என்றால் இருபத்தொரு ஷில்லிங்; எனவே மேசை மீது வைக்கப்படுவது இருபது ஷில்லிங் மதிப்புள்ள ஒரு சவரன் நாணயமும் ஒரு ஷில்லிங்கும். அவள் அதைத் தொடவில்லை. கணவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றே முதலில் நினைக்கிறாள். வழக்கறிஞர் சொன்னதும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதும் அப்போதுதான் நினைவுக்கு வருகின்றன: உழைப்பின் ஊதியம் 1870 முதல் மனைவிக்கே உரியது. அத்தை விட்டுச்சென்ற 600 பவுண்டில் அவளுக்கு ஒரு பென்னியும் உரிமையில்லை, இந்த இருபத்தொரு ஷில்லிங் முழுவதும் அவளுடையது. அவளுடைய சுதந்திரம் நடனத்தால் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் நடனம் தொழிலான இடத்தில்தான் அது வந்தது என்பதை இந்த நாவல் கண்டுகொண்டிருக்கிறது. உணர்ச்சியை மட்டும் நம்பியிராமல் வரவு செலவையும் நம்பிய அந்தத் துணிச்சலுக்காகவே இந்நூல் என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது.

மாமியார் பாத்திரத்தையும் ஆசிரியர் பழிக்கு இரையாக்கவில்லை. மருமகள் எங்கே போகிறாள் என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். மிரட்டுவதற்காக அன்று, அஞ்சியே அவர் அவளை எச்சரிக்கிறார்: பிரிவு என்று வந்தால் மகள் யாரிடம் இருப்பாள் என்று யோசித்துப் பார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. 1873ஆம் ஆண்டின் சட்டம் பதினாறு வயது வரை குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு இடமளித்திருந்தது. ஆயினும் தந்தையே இயல்பான காப்பாளர் என்ற நிலை மாறவில்லை. மணவிலக்கிலும் சமநிலை கிடையாது. 1857ஆம் ஆண்டின் சட்டப்படி மனைவியின் தகாத உறவு ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணம். மனைவியோ கணவனின் தகாத உறவோடு கொடுமையையோ, இரண்டாண்டுக் கைவிடலையோ, அவற்றுக்கு நிகரான வேறொன்றையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். தம் இளமையில் தாமும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்ததை மாமியார் நேரடியாகச் சொல்வதில்லை. அவருடைய அலமாரியின் அடியில் பழைய போல்கா இசைத்தாள்கள் கிடைக்கின்றன. 1844இல் லண்டனையே ஆட்டிப்படைத்த ஆட்டம் அது. அந்த ஆண்டில் அவருக்கு என்ன வயது என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளும்படி ஆசிரியர் விட்டுவிடுகிறார்.

காதல் நாவல் என்ற முறையில் இது நிறைவளிக்கிறதா என்று கேட்பவர்களுக்குத் தயக்கமின்றி ஆம் என்பேன். காதல் வேறொரு ஆணோடு நிகழவில்லை, சொந்தக் கணவரோடு நிகழ்கிறது. ரகசியம் வெளிப்பட்ட பின் இருவரும் பல வாரங்கள் பேசிக்கொள்வதில்லை. பிறகு ஒரு மாலையில் அவர் வகுப்பறைக்கே வந்து, மாணவர்கள் போன பின், தமக்கும் கற்றுத்தர முடியுமா என்று கேட்கிறார். அவள் அவரை நிறுத்தி, தன் வலக்கையை அவர் முதுகில் வைத்து, தானே நடத்துபவளாக நின்று அவரைப் பின்னோக்கி அடிவைக்கச் சொல்கிறாள். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இன்னொருவரை நம்பிக் கால் வைப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த மனிதர் தம் வாழ்வில் முதன்முறையாக உணர்கிறார். இருமுறை தடுமாறுகிறார். மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறார். அவள் தாளத்தை மட்டும் எண்ணிக்கொண்டே போகிறாள். முத்தம் இல்லாத இந்தக் காட்சியில் இருக்கும் நெருக்கம், பின்னால் வரும் படுக்கையறைக் காட்சிகளில் இல்லை. அவை மென்மையாக எழுதப்பட்டவைதான், ஆனால் வேறு எந்த நாவலிலும் இடம்பெறக் கூடியவை. பின்னோக்கி அடிவைக்கும் அந்தக் கணவரை இந்த நாவலில் மட்டுமே காண முடியும்.

இவ்வளவு உயரத்துக்கு வந்த நூல் அதன் பிறகு இறங்கத் தொடங்குகிறது. மணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1882 ஆகஸ்டில் நிறைவேறி, 1883 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன்பே மணமானவர்களைப் பொறுத்தவரை, அந்நாளுக்குப் பின் அவர்கள் உரிமைக்கு வரும் சொத்து மட்டுமே அவர்களுடையது. முன்பே கணவர் கைக்குப் போனது போனதுதான். நாயகியின் 600 பவுண்டு திரும்பாது. இந்தக் கசப்பான உண்மையை அதே வழக்கறிஞர் வாயிலாக ஆசிரியர் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்ன கையோடு, புத்தாண்டு இரவில் கணவர் அந்தப் பங்குகளை விற்று, முழுத் தொகையையும் அவள் பெயரில் எழுதி, ரிப்பன் கட்டிய உறையில் வைத்துத் தருகிறார். நாயகி அழுகிறாள், மாமியார் அழுகிறார், நாவலும் நெகிழ்கிறது. அந்தப் பணத்தில் அவள் சொந்த நடனப்பள்ளி தொடங்குகிறாள். நல்லவர் ஒருவர் மனமுவந்து தந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் கணவரின் தாராளம் வேறு, மனைவியின் உரிமை வேறு என்பதைத்தானே இந்த நாவல் அதுவரை அத்தியாயம் அத்தியாயமாக நிறுவிவந்தது? அவர் மனம் மாறித் தராமல் இருந்திருந்தால் அவளுடைய பள்ளி என்னவாகியிருக்கும்? கினிகளாகச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் தாமதமாக, இதைவிடச் சிறிய அறையில் அவள் தன் பள்ளியைத் தொடங்கியிருந்தால் கதை ஒரு குறையும் அடைந்திருக்காது. பரிசாக வந்த சுதந்திரத்தை வெற்றியாகக் கொண்டாடுவதன் மூலம், தன் மையக் கருத்தைத் தானே கைவிட்டுவிடுகிறது இந்த முடிவு. மனைவியை வீட்டில் அடைத்துவைக்கும் அதிகாரம் கணவனுக்கு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 1891இல்தான். ரிப்பன் கட்டிய உறை எத்தனை வீடுகளுக்கு வந்திருக்கும்?

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில், ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில் நாயகி காஷ்மீர்ச் சால்வைகளைப் போர்த்திக்கொண்டு கீழ்த்திசை நடனம் ஒன்றை ஆடுகிறாள். அதில் அவளுடைய உள்ளத்துத் தீ வெளிப்படுவதாக எழுதப்பட்டிருக்கிறது. விக்டோரியா காலத்து வரவேற்பறைகளில் அப்படிப்பட்ட வேடிக்கைகள் நடந்தன என்பது உண்மைதான். ஆனால் மற்ற இடங்களில் இவ்வளவு விவரமாகப் படித்து எழுதுகிற ஆசிரியர், இந்த இடத்தில் கீழ்த்திசை என்ற பொதுப் புகைமூட்டத்தோடு நின்றுவிட்டார். 1838இலேயே புதுச்சேரியை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து சென்ற தேவதாசிப் பெண்கள் லண்டன் அடெல்ஃபி அரங்கில் சதிர் ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்பவரைப் பற்றி ஐரோப்பிய எழுத்தாளர்களே வியந்து எழுதினார்கள். நாவலில் வரும் நடன ஆசிரியை அந்நாளில் லண்டனில் வளர்ந்த சிறுமி. அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கக் கூடும். பார்த்ததாக ஒரு பக்கம் எழுதியிருந்தால், தொழில் தெரிந்த ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரைக் கண்டுகொண்ட காட்சியாக அது அமைந்திருக்கும். சால்வை ஆட்டத்துக்கு அப்போது இடமே இருந்திருக்காது.

வறிய ஆட்டக்காரிகளின் உலகத்தை நாவல் தொட்டுச் செல்வதோடு சரி. லெஸ்டர் சதுக்கத்தின் அல்ஹாம்ப்ரா அரங்கில் வரிசையில் நின்று ஆடிய பெண்கள் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களை இழிவாகப் பார்த்த சமூகத்தை எதிர்த்து, ஸ்டூவர்ட் ஹெட்லம் என்ற பாதிரியார் 1879இல் திருச்சபை மேடைக் கழகத்தைத் தொடங்கினார். நாடகத்தையும் இசையரங்கையும் ஆதரித்துப் பேசியதற்காகத் தம் பணியை அதற்கு முந்தைய ஆண்டே இழந்தவர் அவர். நாவலில் அவர் ஒரே ஒரு காட்சியில் வந்து போகிறார். கெயிட்டி அரங்கில் கேட் வான் என்ற நடனக் கலைஞர் நீண்ட பாவாடையை அலைபோல வீசி ஆடிய பாவாடை நடனத்தை நாயகி பார்க்கும் காட்சியும் அவசரமாகவே கடக்கிறது. மேடையில் ஆடிப் பிழைப்பவளுக்கும், கற்றுத்தந்து மதிப்போடு வாழ்பவளுக்கும் இடையிலிருந்த தூரத்தை இன்னும் ஆழமாகப் பேசியிருக்கலாம்.

நடை தெளிவானது. விக்டோரியா கால ஆங்கிலத்தைப் போலி செய்யாமல், இன்றைய வாசகருக்கு உறுத்தாத, அதே வேளையில் அக்காலத்தின் கட்டுப்பாட்டை உணர்த்துகிற நடையை ஆசிரியர் கைக்கொண்டிருக்கிறார். வாக்கியங்கள் நீளமானாலும் சிக்குவதில்லை. நடன அடிகளின் பிரெஞ்சுப் பெயர்கள் தொடக்கத்தில் சற்று மிரட்டலாம். ஆசிரியையின் வாய்மொழியிலேயே விளக்கம் வந்துவிடுவதால் அகராதி தேவைப்படாது. நடுப்பகுதியில் மகளின் காய்ச்சலைப் பற்றிய இரண்டு அத்தியாயங்கள் கதையை முன்னகர்த்தாமல் நிற்கின்றன. அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

வரலாற்றுக் காதல் கதைகளை ஆடை அணிகலனுக்காகவும் ஏக்கத்துக்காகவும் மட்டும் படிப்பவர்களுக்கு இந்நூல் முதலில் மெதுவாகத் தோன்றும். முதல் ஐந்து அத்தியாயங்கள் வரை பொறுத்திருந்தால், ஏழாவது வகுப்பு நடக்கும் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கீழே வைக்க மனம் வராது. பெண்களின் சொத்துரிமை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் வழக்கறிஞர் அத்தியாயத்துக்காகவும், மேடைக் கலைகளை நேசிப்பவர்கள் சவாய் அரங்கக் காட்சிக்காகவும் இதை வாங்கலாம். புத்தாண்டு இரவைப் பற்றி என்னோடு உடன்படாதவர்கள் இருப்பார்கள். அந்த உறை கணவரின் உண்மையான மாற்றத்துக்குச் சான்று என்று அவர்கள் வாதிடக்கூடும். அவர் மாறியதை நானும் ஏற்கிறேன், பின்னோக்கி அடிவைத்த அந்த மாலையிலேயே அது நிகழ்ந்துவிட்டது. பள்ளியை மட்டும் அவள் தன் கினிகளைக் கொண்டே தொடங்கியிருக்க வேண்டும்.